ஜி.ஐ.எஸ். படிப்புக்குப் பணம் கட்டும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெற்றோர் விசாரிக்கும் படிப்புகளில் ஜி.ஐ.எஸ். என்ற பெயரும் இப்போது அடிபடுகிறது. நிலம், நீர், சாலை, காடு, மின்கம்பம் என எதையும் அது இருக்கும் இடத்தோடு சேர்த்துக் கணினியில் பதிந்து ஆராயும் துறை இது. வரைபடத் தரவு தயாரிக்க இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரி 15 அன்று தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை வெளியானது. 2025 பிப்ரவரியில் நக்‌ஷா என்ற நகர நில அளவைத் திட்டம் 152 நகரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. ஆகவே வேலை இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்று பார்க்காமல், பெயரை மட்டும் பார்த்து மூன்று மாத வகுப்பில் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அதிகம். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம். கடிதம் நீளமாக இருந்தால் இரண்டு பகுதியாகவாவது வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜி.ஐ.எஸ். வேலை என்ற ஒரே பெயருக்குள் நான்கு வெவ்வேறு பிழைப்புகள் இருக்கின்றன.

செயற்கைக்கோள் படத்தையோ ட்ரோன் படத்தையோ திரையில் வைத்துச் சாலை, கட்டடம், வரப்பு ஆகியவற்றைக் கோடாக இழுப்பது முதலாவது. டிஜிட்டைசிங் என்பார்கள். எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம், சில வாரப் பயிற்சி போதும். தினமும் இத்தனை சதுர கிலோமீட்டர் என்று இலக்கு இருக்கும். துறைக்குள் நுழைய நல்ல கதவு, ஆனால் அங்கேயே மூன்று நான்கு ஆண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் கட்டடங்களின் உருவரைகளைக் கணினியைக் கொண்டே வரைந்து, நம் நாடு உட்பட, இலவசமாக வெளியிட்டுவிட்டன. கோடு இழுப்பது மட்டுமே தெரிந்தவருக்கு இனி இடம் சுருங்கும். கணினி இழுத்த கோட்டில் எது தவறு என்று கண்டுபிடிக்கிறவருக்கு வேலை இருக்கும்.

இரண்டாவது, களத்தில் அளப்பது. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், சாதாரண ஜி.பி.எஸ்.ஸைவிடத் துல்லியமாக இடம் காட்டும் டி.ஜி.பி.எஸ்., ட்ரோன் எல்லாம் இதில் வரும். வெயிலில் நிற்கத் தயாராக இருக்கிற, சிவில் டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ. சர்வேயர் படித்த பிள்ளைகளுக்கு நம் இரண்டு மாவட்டத்திலும் இதைவிட நேரான வழி இல்லை. நில அளவர், வரைவாளர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. 2022-இல் 1,089 இடங்களை அறிவித்தபோது கேட்டது இந்தத் தகுதிகளைத்தான். ஜி.ஐ.எஸ். சான்றிதழைக் கேட்கவில்லை.

மூன்றாவது, பகுப்பாய்வு. நிலத்தடி நீர், பயிர்ப் பரப்பு, வெள்ளம், காடு, நகர வளர்ச்சி என்று ஒரு கேள்விக்கு வரைபடத்தின் மூலம் விடை தேடுவது. நான்காவது, மென்பொருள் எழுதுவது. பைத்தான், எஸ்.கியூ.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய கணினி மொழிகள் தெரிந்து, வரைபடம் காட்டும் இணையத்தளங்களையும் செயலிகளையும் கட்டுவது. நான்கில் ஆள் தட்டுப்பாடு எப்போதும் இருப்பது இந்தக் கடைசியில்தான். கணினி அறிவியல் படித்தவர் கூடுதலாக வரைபடக் கணக்கைக் கற்றுக்கொண்டால் போதும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் இந்த வகை நிறுவனங்கள் நிறைய.

இந்த நான்கில் எது என்று முடிவு செய்தபின் படிப்பைத் தேடுவதே சரி. அப்படிப் பார்த்தால் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: அடிப்படைப் பட்டம் ஒரு பாடத்தில் ஆழமாக இருக்கட்டும், ஜி.ஐ.எஸ். அதன்மேல் வரட்டும். நீரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நிலத்தடி நீர் வரைபடம் போடுகிறவர் கணினி கொடுத்த வண்ணத்தை அப்படியே நம்புவார். நிலவியல் படித்தவர் பாறையைப் பார்த்துவிட்டு அந்த வண்ணத்தைச் சந்தேகிப்பார். சம்பளம் அந்தச் சந்தேகத்துக்குத்தான்.

கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து நல்ல கட்-ஆஃப் உள்ள மாணவருக்குச் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். அந்தப் பட்டத்தோடு அரசுப் பணிக்குப் போக நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வு அறிவிப்புகளில் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே தகுதி சொல்லியிருப்பார்கள். "சிவில்" என்று போட்டிருந்தால் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் அதற்கு இணை என்ற அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கல்லூரியிலும் சிவில் படித்துவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு (தொலைவிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்வது) நிறுவனத்தில் மேற்படிப்புக்குப் போவது இன்னொரு வழி. இரண்டு பக்கக் கதவும் திறந்திருப்பதால், குழப்பத்தில் இருப்பவருக்கு இதுவே பாதுகாப்பானது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவையும் வரைபடமும் சார்ந்த பாடம்) என்றே தனித்தாள் இருக்கிறது.

நிலவியலில் விருப்பம் உள்ளவருக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை பழையது, பெயர் பெற்றது. வேளாண்மை படிப்பவருக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை உண்டு. கலைப் பிரிவில் படித்தவருக்குக் கதவு மூடியிருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். புவியியல் பட்டம் நேரான வழி. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் துறைகள் உள்ளன. டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 1966-இல் தொடங்கப்பட்டது. அங்கே எம்.டெக். வரை இருக்கிறது. ஐதராபாத்தில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது.

அந்த டேராடூன் நிறுவனம் இணைய வழியில் இலவச வகுப்புகளும் நடத்துகிறது. வருகைப்பதிவு சரியாக இருந்து தேர்வும் எழுதினால் சான்றிதழ் கிடைக்கும். என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளம் வழியாக ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் தொலையுணர்வு, ஜி.ஐ.எஸ். பாடங்களையும் வீட்டிலிருந்தே கேட்கலாம். தேர்வு எழுதுவதற்கு மட்டும்தான் கட்டணம். இந்த இரண்டையும் பார்த்து முடிக்காமல் தனியார் வகுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி, ஒரு பயிற்சி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் ஊரிலேயே இதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. உலகத்தை 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து மீட்டர் கணக்கில் அளப்பதை யூ.டி.எம். முறை என்பார்கள். 72 முதல் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரை 43-ஆம் மண்டலம், 78 முதல் 84 வரை 44-ஆம் மண்டலம். அந்த 78 டிகிரிக் கோடு நம் இரண்டு மாவட்டங்களையும் நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, சூளகிரிப் பக்கமாகக் கோடு கடக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் ஆகியவை 43-இல் விழுகின்றன. தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை, அரூர் ஆகியவை 44-இல்.

இதைத் தெரியாமல் வேலை செய்தால் என்ன ஆகும்? ஓசூரில் எடுத்த ஒரு புள்ளியின் கிழக்கு அளவு (கிழக்கு நோக்கி எத்தனை மீட்டர் என்ற எண்) 43-ஆம் மண்டலத்தில் எட்டு லட்சத்துச் சொச்சம் மீட்டர் இருக்கும். கிருஷ்ணகிரியில் எடுத்த புள்ளிக்கு 44-ஆம் மண்டலத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம்தான். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு 44 என்று குறித்தால் ஓசூர்ப் புள்ளி ஏறத்தாழ 650 கிலோமீட்டர் கிழக்கே வங்கக் கடலில் போய் விழும். 43 என்று குறித்தால் கிருஷ்ணகிரிப் புள்ளி அரபிக் கடலுக்குப் போய்விடும். கடலில் விழுந்தால் நல்லது, தவறு கண்ணில் படும். மோசமான நிலை வேறு. பயிற்சி சரியில்லாதவர் அந்தப் புள்ளியைக் கையால் இழுத்துக் கொண்டுவந்து ஏறக்குறைய சரியான இடத்தில் வைத்துவிடுவார். அதன்பின் அந்தத் தவறை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதைச் சரிசெய்வது எளிது. ஆனால் அதற்கு ஒரு வேறுபாடு புரிய வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் லேயருக்கு (வரைபட அடுக்குக்கு) இடத்தை எண்ணால் சொல்லும் முறையான ஆய அமைப்பைக் "குறிப்பது" ஒரு கட்டளை. ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு "மாற்றுவது" வேறு கட்டளை. முதலாவது எண்களைத் தொடாது, அவை எந்த அமைப்பில் இருக்கின்றன என்ற சீட்டை மட்டும் ஒட்டும். இரண்டாவது எண்களையே கணக்கிட்டு மாற்றும். 43-இல் எடுத்த தரவுக்கு அந்த அமைப்பின் குறியீட்டு எண்ணான இ.பி.எஸ்.ஜி. 32643 என்று முதலில் சரியான சீட்டு ஒட்ட வேண்டும். பிறகு 32644-க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். நேரே 32644 என்று ஒட்டினால் மேலே சொன்ன கடல்தான். ஜி.ஐ.எஸ். சான்றிதழோடு வேலைக்கு வருகிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த ஓர் இடத்தில்.

மாவட்டம் முழுவதையும் ஒரே மண்டலத்தில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், விலை தெரிந்து வைக்க வேண்டும். மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக நீளம் சற்றுக் கூடுதலாகக் காட்டும். நாம் இருப்பது விளிம்பில். இங்கே ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் கூடும். பரப்பில் ஏக்கருக்கு ஏழெட்டு சதுர மீட்டர் கூடும். குடிநீர்த் திட்ட வரைபடத்துக்கு இது பொருட்டில்லை, நில விஸ்தீரணம் சொல்லும் இடத்தில் பொருட்டுதான். கியூஜிஐஎஸ்ஸில் பரப்பு காண இரண்டு வழி உண்டு. ஒன்று பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். மற்றது தட்டைத் தாளில் அளப்பதுபோல் அளக்கும். தட்டை வழியை அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள லேயரில் போட்டால் விடை சதுர டிகிரியில் வரும், எதற்கும் உதவாது.

ஆகவே, பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஓசூரும் ஊத்தங்கரையும் ஒரே வரைபடத்தில் வேண்டும், எந்த ஆய அமைப்பில் வைப்பீர்கள், ஏன்?" உடனே விளக்கினால் அங்கே சேரலாம். "அதெல்லாம் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வரைபடத்திலும் இதே போன்ற சிக்கல் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோஷீட்டுகளில் (நிலப்பரப்பு வரைபடத் தாள்களில்) நம் பகுதி 57 எச், 57 எல் என்ற எண்களில் வரும். அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் டேட்டம் என்ற பூமி மாதிரியில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. தாளின் ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று எடுத்துக்கொண்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் இடம் தள்ளிப் போகும். ஏரியின் கரை வயலுக்குள் வந்துவிடும்.

அடுத்து, தமிழ்த் தரவு. இதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவம் உண்மையில் பல கோப்புகளின் கூட்டு. வடிவம் ஒன்றில், அட்டவணை ஒன்றில், ஆய அமைப்பு ஒன்றில் இருக்கும். ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவரால் சரியாகத் திறக்க முடியாது. அட்டவணையின் தலைப்புக்கு 10 பைட் இடம்தான். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. ஆகவே "கிராமம்" என்று தலைப்பு வைத்தால் பாதியிலேயே அறுந்துபோகும். உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்களும் குறியாக்கத்தைச் சரியாகக் குறிக்காவிட்டால் கேள்விக்குறிகளாக மாறும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகக் கற்பவர் முதல் நாளிலிருந்தே அதில் சேமிப்பது நல்லது.

அரசு அலுவலகங்களின் பழைய கோப்புகள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றினாலும் ஊர்ப் பெயர் ஒத்துவராது. ஒரு பட்டியலில் பாலக்கோடு, இன்னொன்றில் பாலக்கோட். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் மூன்று விதம். பெயரை வைத்து இரண்டு அட்டவணையை இணைத்தால் பாதி ஊர்கள் காணாமல் போகும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு மத்திய அரசு எல்.ஜி.டி. குறியீட்டு எண்கள் கொடுத்திருக்கிறது. இணைப்பதை எப்போதும் எண்ணை வைத்தே செய்ய வேண்டும்.

எல்லை மாற்றமும் ஏமாற்றும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி என்றால் இரண்டும் சேர்ந்தது, 28,56,300 பேர். 2011-இல் தருமபுரி மட்டும் 15,06,843, கிருஷ்ணகிரி 18,79,809. இது தெரியாத மாணவர் "பத்தாண்டில் தருமபுரி மக்கள்தொகை பாதியானது" என்று சிவப்பு வண்ணத்தில் வரைபடம் போட்டுவிடுவார். தரவைத் திறக்கும் முன் அது எந்த ஆண்டு எல்லையைச் சேர்ந்தது என்று கேட்கும் பழக்கத்தை எந்த மென்பொருளும் தராது.

நில ஆவணத்துறை வேலைக்குப் போக விரும்புகிறவர் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக வரைந்த படம் அது. பழைய படத்தில் அளவுகள் இருக்கும், பூமியில் எந்த இடம் என்ற ஆயம் இருக்காது. பக்கத்துப் பக்கத்துச் சர்வே எண்களின் படங்களைக் கணினியில் ஒட்டினால் விளிம்புகள் பொருந்தாமல் இடைவெளியோ மேற்கவிவோ வரும். சங்கிலியால் அளந்த அளவு ஒருமுறைக்கு ஒருமுறை சற்று மாறியதும் இதற்கு ஒரு காரணம். அந்தப் பிசகைப் படத்தில் நெருக்கி மறைக்கக் கூடாது. களத்தில் இன்னும் நிற்கும் எல்லைக் கற்களை, குறிப்பாக மூன்று கிராம எல்லை சேரும் கற்களை, டி.ஜி.பி.எஸ். வைத்து அளந்து, அவற்றோடு படத்தைப் பொருத்த வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் வரப்பு அனுபவ எல்லையைக் காட்டும், ஆவண எல்லை அதிலிருந்து விலகியிருக்கலாம். கைப்பேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். அதை வைத்து அத்து காட்டுகிறேன் என்று கிளம்புவது ஊரில் சண்டை மூட்டிவிடும்.

தொலையுணர்வுக்கு வருவோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசம். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர், 2008 முதல் இலவசம். இஸ்ரோவின் படங்களைப் புவன், பூநிதி தளங்களில் பெறலாம். பயிற்சிக்குப் படம் விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மேகம் மூடிய அந்த நாட்களில் சாதாரணப் படம் ஒன்றும் காட்டாது. ரேடார் அலை மேகத்தைத் துளைக்கும் என்பதால் சென்டினல்-1 படம் அப்போது கைகொடுக்கும். தேங்கிய நீர் அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் காய்ந்த மணலும் தார்ச்சாலையும்கூடக் கறுப்பாகவே தெரியும். மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் கழித்தால்தான் வெள்ளம் எது என்று சொல்ல முடியும். வெள்ளத்துக்கு உட்பட்ட இடங்களை இப்படி வரைந்து, ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சரிபார்த்து ஒரு மாணவர் வைத்திருந்தால், நேர்காணலில் அது எந்தச் சான்றிதழுக்கும் மேல்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு பாடம் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மாணவர் திட்டப்பணிகளில் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், முப்பது நாற்பது ஆழ்துளைக் கிணற்றின் அளவை எடுத்து, ஐ.டி.டபிள்யூ. என்ற கருவியை அழுத்தி, மாவட்டம் முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கருவி இரண்டு கிணற்றுக்கு நடுவே அளவு சீராக மாறும் என்று வைத்துக்கொள்கிறது. நம் பூமி கடினப் பாறை. நீர் வெடிப்புகளில் நிற்கிறது. இருநூறு மீட்டர் இடைவெளியில் ஒரு கிணறு 0.6, அடுத்தது 2.5 என்றுகூட வரலாம். அப்படி ஓர் ஊரைப் பச்சையாகக் காட்டினால் அங்கே குழந்தைகள் கெட்ட நீரையே குடித்துக்கொண்டிருப்பார்கள். அளந்த கிணறுகளைப் புள்ளியாக மட்டும் காட்டி, ஒவ்வொன்றின் ஆழத்தையும் அளந்த மாதத்தையும் எழுதுவதே நேர்மையான வரைபடம். கோடையில் எடுத்ததையும் மழைக்குப் பின் எடுத்ததையும் கலக்கவும் கூடாது. இதில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

மாந்தோப்பு வரைபடமும் அப்படியே. கிருஷ்ணகிரி மாமரத்தையும் பக்கத்தில் நிற்கும் புளியமரத்தையும் ஒரே நாள் படத்தில் பசுமைக் குறியீடு (இலைப்பசுமையின் அளவைக் காட்டும் எண்) மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பூக்கும் காலம், துளிர்க்கும் காலம், கோடை என்று ஆண்டு முழுதும் பல படங்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 50 இடங்களையாவது நேரில் போய்ப் பார்த்து, கணினி சொன்னது எத்தனை சரி என்று அட்டவணை போட வேண்டும். கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய இடங்களையே சரிபார்ப்புக்கும் பயன்படுத்தினால் வரும் மதிப்பெண் பொய்.

வீட்டிலிருந்து கற்கிறவருக்கு ஏற்ற வரிசை எது? தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால், முதல் இரண்டு மாதம் கியூஜிஐஎஸ். ஆய அமைப்பு, பழைய படத்தை இடத்தோடு பொருத்துவது, கோடு இழுப்பது, அட்டவணை இணைப்பது. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். புத்தம் புதிய பதிப்பில் அடிக்கடி ஏதாவது மாறும். மூன்றாம், நான்காம் மாதம் எஸ்.கியூ.எல்., போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இதைத் தாண்டிவிட்டுப் பைத்தானுக்கு ஓடுகிறவர்கள் பிறகு திரும்பி வருகிறார்கள். அடுத்த இரண்டு மாதம் செயற்கைக்கோள் படம். பைத்தான் அதற்குப் பிறகு. நிறுவனங்களில் ஆர்க்ஜிஐஎஸ் என்ற, உரிமம் வாங்க வேண்டிய மென்பொருளைக் கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் கருத்து புரிந்தவருக்கு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற இரண்டு மூன்று வாரம் போதும். மடிக்கணினிக்கு 8 ஜி.பி. நினைவகம் இருந்தால் தொடங்கலாம். 16 இருந்தால் செயற்கைக்கோள் படத்தில் திணறாது. வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை தொடக்கத்தில் வேண்டாம்.

அப்படியும் தனியார் மையத்தில் சேருகிறவர் சிலவற்றைப் பார்க்க வேண்டும். மென்பொருள் உரிமம் பெற்றதா, திருட்டுப் பிரதியா? ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பழைய வடிவமான ஆர்க்மேப் மட்டும் கற்றுத் தருகிறார்களா? அதற்கு நிறுவனம் அளித்த ஆதரவு 2026 மார்ச் 1-ஆம் தேதியோடு முடிவதாக அறிவிக்கப்பட்டது, இனி ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோதான். பயிற்சித் தரவு எங்கிருந்து வருகிறது? எல்லாம் துப்புரவாகச் சரிசெய்த அமெரிக்க மாதிரித் தரவாக இருந்தால், வேலையில் முதல் நாள் வரும் அழுக்குத் தரவைப் பார்த்து மாணவர் மிரண்டுபோவார். "நூறு சதவீத வேலை" என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், கட்டணத்தைத் தவணையில் மட்டும் கட்டுங்கள்.

ட்ரோன் பற்றி ஒரு சொல். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மையத்தில் பயின்று, 18 வயது நிரம்பிப் பத்தாம் வகுப்பு தேறியவர் விமானிச் சான்றிதழ் பெறலாம். அது பறக்கவிடும் தகுதி மட்டுமே. தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (நிலத்தில் அளந்து குறித்த அடையாளம்) வைப்பது, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 70, 80 சதவீதம் கவியும்படி பறப்பது, அவற்றை ஒட்டி அளவெடுக்கத்தக்க படமாக்குவது எல்லாம் தனியாகக் கற்க வேண்டும். பறக்கவிட மட்டும் தெரிந்தவருக்குக் கல்யாண வீட்டு வேலைதான் கிடைக்கும், சர்வே வேலை கிடைக்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பத்துச் சான்றிதழை விட மூன்று வரைபடங்கள் பேசும். ஒவ்வொன்றோடும் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். தரவு எங்கிருந்து, எந்தத் தேதி, எந்த ஆய அமைப்பு, எத்தனை இடம் நேரில் பார்த்தது, இந்த வரைபடம் எதற்குப் பயன்படாது. இந்தக் கடைசி வரியை எழுதத் தெரிந்தவரை நேர்காணல் எடுப்பவர்கள் தவறவிடுவதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி பாலிடெக்னிக்குகளிலும் கலைக் கல்லூரிகளிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இந்த மாவட்டத் தரவையே கொடுக்கும்படி ஆசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கும். கேட் தேர்வுக்கான விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். டேராடூன் நிறுவனத்தின் இணைய வகுப்புகளுக்கான அறிவிப்பு ஆண்டு முழுவதும் அவ்வப்போது வரும். பதிவு சில நாட்களே திறந்திருக்கும் என்பதால் மாதம் ஒருமுறையாவது அவர்கள் தளத்தைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
புவித்தகவல் துறையில் பணியாற்றுவோர் சிலர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி